விங்ஸ்பேன் மேசையிலிருந்து திரைக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

பறவைகளைக் கருவாகக் கொண்ட விங்ஸ்பேன் பலகை விளையாட்டு 2019-இல் வந்தது. வடிவமைத்தவர் அமெரிக்காவின் எலிசபெத் ஹார்க்ரேவ், வெளியிட்டது ஸ்டோன்மையர் கேம்ஸ். அதே ஆண்டு ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதையும் வாங்கியது. மறு ஆண்டு, 2020 செப்டம்பரில், போலந்தைச் சேர்ந்த மான்ஸ்டர் கவுச் ஸ்டுடியோ அதன் டிஜிட்டல் வடிவத்தைக் கணினி விளையாட்டுகளின் இணையக் கடையான ஸ்டீமில் வெளியிட்டது. பிறகு நின்டெண்டோ ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், கைப்பேசி என்று பரவியது.

இயற்கையைக் கருவாகக் கொண்ட வியூக விளையாட்டுகள் நிறைய திரைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் இதை ஆய்வுக்கு எடுக்க ஒரு காரணம் உண்டு. விங்ஸ்பேனின் விதிகள் பார்க்க எளியவை. அவற்றை நிரலாக எழுத உட்காரும்போதுதான், மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எத்தனை விஷயங்களை ஒரு பார்வையிலும் ஒரு தலையசைப்பிலும் முடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியவரும். பறவை சிறகடிப்பதும் பின்னணி ஓவியம் அசைவதும் உழைப்பால் முடிகிற வேலை. ஒருவர் முறையில் இன்னொருவரை எப்போது கேட்பது, எப்போது கேட்காமல் விடுவது என்பதைத் தீர்மானிக்க உழைப்பு மட்டும் போதாது. இந்த ஆய்வு பெரும்பாலும் அதைப் பற்றியது.

ஆட்டத்தின் எலும்புக்கூடு

ஒன்று முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். அடிப்படைப் பெட்டியில் 170 பறவைச் சீட்டுகள், முகங்களில் தீனி வரைந்த 5 பகடைகள், 75 குட்டி முட்டைகள், பகடை உருட்ட அட்டையில் செய்த ஒரு தீனிக்கூடு. ஒவ்வொருவருக்கும் ஒரு பாய். அதில் காடு, புல்வெளி, ஈரநிலம் என மூன்று வரிசைகள், வரிசைக்கு ஐந்து இடங்கள். ஆக ஒருவர் அதிகபட்சம் 15 பறவைகளை வைக்கலாம்.

தொடக்கத்தில் ஐந்து சீட்டும் ஐந்து வகைத் தீனியில் ஒவ்வொன்றும் கிடைக்கும். எத்தனை சீட்டை வைத்துக்கொள்கிறோமோ அத்தனை தீனியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கு சுற்றுகள், அவற்றில் முறையே 8, 7, 6, 5 முறைகள். மொத்தம் 26. சுற்று முடியும்போது, முறைக்கு ஒன்றாகப் பயன்படும் கட்டைகளில் ஒன்றை அந்தச் சுற்றின் இலக்கைக் காட்டும் இலக்குப் பலகையில் வைத்துவிடுவதால்தான் இந்தக் குறைவு.

ஒரு முறைக்குச் செய்ய முடிவது நான்கில் ஒன்று: பறவையை இறக்குவது, காட்டில் தீனி எடுப்பது, புல்வெளியில் முட்டையிடுவது, ஈரநிலத்தில் சீட்டு எடுப்பது. பின்சொன்ன மூன்றில் எதைச் செய்தாலும் முதலில் அந்த வரிசையின் பலன், பிறகு அங்கே இருக்கும் பழுப்பு நிறத் திறன் கொண்ட பறவைகள் வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாக இயங்கும். வெள்ளை நிறத் திறன் பறவையை இறக்கும்போது ஒருமுறை மட்டும். இளஞ்சிவப்புத் திறன் மற்றவர் முறையில் இயங்கும்.

பலன் கணக்கு, முட்டைக் கணக்கு, சுற்று முடிவு இலக்குகளின் புள்ளி, முகம் காட்டிக் கிடக்கும் மூன்று சீட்டுகளை முறை முடிவில் நிரப்புவது ஆகியவற்றையெல்லாம் இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. இதில் சொல்ல அதிகம் இல்லை. மேசையில் புதியவர்கள் தப்பு செய்யும் இடங்கள் இவைதான், திரையில் அந்தத் தப்புகள் நடக்க வழியே இல்லை.

ஒரே ஒரு முறை, நெருக்கத்தில்

நான்கு பேர் ஆடும் ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் காட்டு வரிசையில் இடமிருந்து ரூபித் தொண்டை ஹம்மிங்பேர்ட், ஏக்கார்ன் மரங்கொத்தி, பால்டிமோர் ஓரியோல் என மூன்று பறவைகள். அவர் தீனி எடுக்கிறார். மூன்று இடம் நிரம்பியிருப்பதால் நான்காம் கட்டத்தின் பலன் கிடைக்கும்: தீனிக்கூட்டிலிருந்து இரண்டு பகடை, விரும்பினால் கையில் இருக்கும் ஒரு சீட்டைக் கொடுத்து இன்னொன்று.

முதல் பகடை எது? இரண்டாவது எது? சீட்டு கொடுக்கப் போகிறாரா? கொடுக்கவில்லை என்று வைப்போம். கூட்டில் மூன்று பகடை மிச்சம். அடுத்து வலது ஓரத்தில் இருக்கும் ஓரியோல்: எல்லோருக்கும் பொது இருப்பிலிருந்து ஒரு பழம். எல்லாத் திறன்களும் விருப்பப்பட்டால் மட்டுமே என்பது விதி. எதிராளிக்குப் பழம் போகக் கூடாது என்று அவர் மறுக்கலாம், அதனால் கேட்டாக வேண்டும். அடுத்தது மரங்கொத்தி: கூட்டில் விதை இருந்தால் ஒன்று எடுக்கலாம், எடுத்ததைக் கையில் வைப்பதா, பறவை மேலேயே சேமித்துப் புள்ளியாக்குவதா? எடுத்தால் கூட்டில் இரண்டு. கடைசியாக ஹம்மிங்பேர்ட்: ஒவ்வொருவரும் கூட்டிலிருந்து ஒரு பகடை எடுக்கலாம், யாரிடமிருந்து தொடங்குவது என்பதை முறைக்காரர் சொல்வார்.

இங்கேதான் வேலை. கூட்டில் இரண்டு பகடை, எடுப்பவர்கள் நான்கு பேர். முதல் ஆள் ஒன்றை எடுத்ததும் ஒன்றே மிச்சம். கூட்டில் உள்ள பகடைகள் எல்லாம் ஒரே முகம் காட்டினால், எடுக்கும் முன் ஐந்தையும் மறுபடி உருட்டிக்கொள்ளலாம். ஒற்றைப் பகடை எப்போதும் ஒரே முகம்தானே, ஆகவே இரண்டாம் ஆளுக்கு அந்த உரிமை உண்டு. அவர் உருட்டாமல் அதையே எடுத்தால் கூடு காலி, ஐந்தும் தானாக உருளும். மூன்றாம் ஆளுக்குப் புதிய கூடு. யாரிடமிருந்து தொடங்குவது என்ற கேள்வியில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர் மிச்சமிருக்கும் பகடையை எண்ணிப் பார்த்துத்தான் தொடங்கும் ஆளைச் சொல்வார்.

கணக்குப் போட்டால், முறைக்காரரிடம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்பது கேள்விகள். மற்ற மூவரிடம் தலா ஒன்று, சிலரிடம் இரண்டு. மேசையில் இது அரை நிமிடம். நேரலை ஆட்டத்தில் ஒன்றிரண்டு நிமிடம். ஒவ்வொருவரும் தமக்கு நேரம் கிடைக்கும்போது வந்து ஆடிவிட்டுப் போகும் விட்டுவிட்டு ஆடும் முறையில், ஒரே ஒரு ஹம்மிங்பேர்டால் ஒரு நாள் முழுக்கப் போய்விடலாம். அந்தப் பறவை வரிசையில் உட்கார்ந்திருக்கும் வரை, அந்த ஆள் தீனி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

குறுக்கே வரும் கேள்விகள் மூன்று வகை

மற்றவர் முறையில் இயங்கும் திறன்களையெல்லாம் ஒரே கூடையில் போட்டு, எல்லாவற்றுக்கும் ஆட்டத்தை நிறுத்திக் கேட்பது எழுத எளிது, ஆட அவஸ்தை. எல்லாவற்றையும் தானாக நடத்திவிடுவது ஆட எளிது, விதிப்படி தவறு. அந்தத் திறன் யாருடைய சொத்தைத் தொடுகிறது என்று பார்த்துப் பிரித்தால் வழி கிடைக்கும்.

முதல் வகையில் தேர்வே இல்லை. பெல்ட்டட் மீன்கொத்தியை வைத்திருப்பவருக்கு, இன்னொருவர் ஈரநிலத்தில் பறவை இறக்கினால் பொது இருப்பிலிருந்து ஒரு மீன். லாகர்ஹெட் கீச்சானை வைத்திருப்பவருக்கு, இன்னொருவர் தீனி எடுக்கும்போது எலி கிடைத்தால், தன் கீச்சான் மேல் ஒரு எலி சேமிப்பு. இதில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. தானாக நடத்திவிட்டு, ஒரு வரித் தகவல் காட்டினால் போதும். அந்த வரியை மறக்கக் கூடாது. தகவல் இல்லாமல் தீனி கூடினால் ஆடுபவர் பிழை என்று நினைப்பார்.

இரண்டாம் வகையில் தேர்வு உண்டு, ஆனால் தொடுவது தன் பாயை மட்டும். பழுப்புத் தலை கௌபேர்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதுபோல இது பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும். அதற்கேற்பவே திறன்: இன்னொருவர் முட்டையிடும்போது, கிண்ண வடிவக் கூடு கட்டும் உங்கள் பறவை ஒன்றின் மேல் ஒரு முட்டை வைக்கலாம். எந்தப் பறவை என்று உரியவர் சொல்ல வேண்டும். ஆனால் அவர் எதைச் சொன்னாலும் முறைக்காரரின் அடுத்த அடி மாறப் போவதில்லை. இந்தக் கேள்வியை வரிசையில் போட்டு வைத்து, உரியவரின் முறை வரும்போது முதலில் கேட்டுவிடலாம். ஆட்டம் நிற்காது. பிலியேட்டட் மரங்கொத்தியின் ‘எல்லோரும் பொந்துக்கூடு பறவை ஒன்றின் மேல் ஒரு முட்டை’ என்பதும் இப்படியே. நால்வரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை.

தள்ளிப்போடுவதற்கு ஒரு எல்லை உண்டு. சுற்றின் கடைசி முறையில் கௌபேர்ட் தூண்டப்பட்டால், அந்த முட்டை எங்கே உட்காருகிறது என்பது சுற்று முடிவு இலக்கையே மாற்றலாம். ‘கிண்ணக் கூட்டில் உள்ள முட்டைகள்’ என்பது போன்ற இலக்குகள் உண்டு. இலக்குப் பலகையின் இரு பக்கங்களில், இடத்துக்கு ஏற்பப் புள்ளி தரும் போட்டிப் பக்கத்தில் நான்காம் சுற்றின் முதலிடத்துக்கு 7 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 4. எனவே புள்ளி எண்ணும் முன் வரிசையில் நிற்கும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் வாங்கியாக வேண்டும். முறை மாறும் இடத்தில் மட்டும் வரிசையைக் காலி செய்து, சுற்று முடியும் இடத்தில் மறந்துவிடுவது நிரல் எழுதுபவர்கள் விழும் குழி. சோதனையில் எளிதில் அகப்படாது, ஏனென்றால் அந்தப் பறவையும் அந்த இலக்கும் அந்தக் கடைசி முறையும் ஒன்றுசேர்வது அபூர்வம்.

மூன்றாம் வகை பொதுச் சொத்தைத் தொடுகிறது. ஹம்மிங்பேர்ட் இதில் சேரும். டர்க்கி வல்ச்சரும் அப்படியே: இன்னொருவரின் வேட்டைப் பறவை இரையைப் பிடித்தால், வல்ச்சர் வைத்திருப்பவர் தீனிக்கூட்டிலிருந்து ஒரு பகடை எடுக்கலாம். அவர் எந்தப் பகடையை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து அடுத்தவருக்குக் கிடைப்பது மாறும். அமெரிக்க ஆய்ஸ்டர்கேட்ச்சரின் சீட்டுப் பங்கீடும் இங்கேதான்: ஆட்டக்காரர் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகச் சீட்டு எடுத்து, வரிசையாக ஒவ்வொருவரும் ஒன்றை எடுப்பார்கள். இவற்றுக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது. செய்யக்கூடியது ஒன்று: நேர எல்லை வைத்து, தாண்டினால் இயந்திரமே ஒன்றை எடுத்துக் கொடுப்பது. பலரும் இதை அநியாயம் என்பார்கள். ஒரு பகடைக்காக மூன்று பேரை இரண்டு நாள் காக்க வைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

நிறுத்தம் காட்டிக்கொடுக்கும் ரகசியம்

விங்ஸ்பேனில் கையில் இருக்கும் சீட்டும், குறிப்பிட்ட வகைப் பறவைகளுக்குக் கூடுதல் புள்ளி தரும் போனஸ் சீட்டும் மட்டுமே ரகசியம். பாயில் கிடக்கும் பறவைகள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஆட்டம் எதற்காக நிற்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும், தப்பில்லை.

காட்டு விலங்குகள் ஆட்சிக்கு அடித்துக்கொள்ளும் ரூட் விளையாட்டில் நிலைமை வேறு. கோல் வெர்லி வடிவமைத்து 2018-இல் லெடர் கேம்ஸ் வெளியிட்ட அதை, டயர் உல்ஃப் நிறுவனம் அதே 2020 செப்டம்பரில் திரைக்குக் கொண்டுவந்தது. அதில் தாக்கப்படுபவர் கையில் பதுங்கித் தாக்கும் சீட்டு இருந்தால் போட்டுவிடலாம். சீட்டு இருப்பவரிடம் மட்டும் கேட்டு, இல்லாதவரிடம் கேட்காமல் நேரே சண்டைக்குப் போனால், அந்த இரண்டு வினாடி நிறுத்தமே ‘அவரிடம் இருக்கிறது’ என்று ஊருக்குச் சொல்லிவிடும். இல்லாதவரிடமும் கேட்பதுபோல் நிறுத்தினால் எல்லோருக்கும் சலிப்பு. முன்கூட்டியே ‘இந்தச் சுற்றில் கேட்காதே’ என்று சொல்லிவைக்கும் ஒரு பொத்தான் நடுவழி. ஆனால் அதையும் எல்லோரும் பயன்படுத்தினால்தான் மறைப்பு நிற்கும். விங்ஸ்பேன் போன்ற திறந்த ஆட்டத்தில் பழகியவர்கள் அடுத்ததாக ரகசியச் சீட்டு உள்ள ஆட்டத்தைக் கையிலெடுக்கும்போது தடுக்கி விழும் இடம் இது.

பகடையும் திரும்பப் பெறுதலும்

ஒவ்வொரு பகடையிலும் ஆறு முகம்: புழு, விதை, பழம், மீன், எலி, ‘புழு அல்லது விதை’. ஐந்து பகடையையும் உருட்டினால் மீன் ஒன்றாவது வர 60 சதவீத வாய்ப்பு. புழு ஒன்றாவது வர 87. மீன் தின்னும் பறவைகளையே கையில் குவித்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு இந்தப் பள்ளம் தெரியாது. இயந்திரம் ஏமாற்றுகிறது என்பார்கள். மேசையில் கையால் உருட்டும்போது இந்தப் புகார் வருவதில்லை, திரையில் எப்போதும் வரும். உருண்ட பகடைகளின் வரலாற்றை ஆட்ட முடிவில் காட்டினால் பாதிப் புகார் அடங்கும்.

கூட்டுக்கு வெளியே எத்தனை பகடை கிடக்கிறது என்பதும் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். புல்வெளியில் வைத்த அமெரிக்கன் கெஸ்ட்ரல் வேட்டைக்குப் போகும்போது கூட்டில் இல்லாத பகடைகளைத்தான் உருட்டும், எலி வந்தால் சேமிப்பு. வெளியே மூன்று கிடந்தால் 42 சதவீத வாய்ப்பு, நான்கு கிடந்தால் 52, ஒன்றும் இல்லையென்றால் உருட்டவே வழியில்லை. இப்போது முட்டையிடுவதா, அடுத்த முறைக்கு விடுவதா என்று ஒருவர் யோசிக்கும் காரணம் இந்த எண்ணாக இருக்கும். மேசையில் கூட்டுக்கு வெளியே சிதறிக் கிடக்கும் பகடைகள் கண்ணில் படும். திரையில் கூட்டை மட்டும் அழகாக வரைந்து வைத்தால் படாது.

செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ வசதிக்கு ஒரே கோடு போதும்: புதிதாக ஏதாவது தெரிந்துவிட்டால் திரும்ப முடியாது. பகடை உருண்டது, மூடிய கட்டிலிருந்து சீட்டு எடுத்தது, வேட்டைப் பறவைக்காகச் சீட்டைத் திருப்பிப் பார்த்தது, மற்றவர் பதில் சொன்னது ஆகிய நான்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம். மற்றவை எல்லாம் இந்தப் பக்கம். முகம் காட்டிக் கிடக்கும் சீட்டை எடுத்தால்கூடத் திரும்ப வைக்கலாம், ஏனென்றால் காலி இடம் நிரம்புவது முறை முடிந்த பிறகுதான் என்பது விதி. அந்த விதியைக் கவனிக்காமல், சீட்டு எடுத்த உடனே இடத்தை நிரப்பிவிடும் நிரல் இரண்டு வகையில் கெடுக்கும். அன்டூ போய்விடும். ஒரே முறையில் பல சீட்டு எடுப்பவருக்கு விதியில் இல்லாத கூடுதல் தேர்வும் கிடைத்துவிடும்.

எதைக் கொடுத்து வாங்குவது

பறவையை இறக்கத் தீனி கொடுக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடத்தில் வைக்க ஒரு முட்டையும், நான்காம், ஐந்தாம் இடத்தில் வைக்க இரண்டு முட்டையும் கூடவே. தேவையான தீனி இல்லாவிட்டால் ஏதாவது இரண்டைக் கொடுத்து ஒன்றுக்கு ஈடாக்கலாம்.

இங்கே இயந்திரம் தானாகக் கழித்துக்கொள்ளும் வசதி ஆபத்தானது. தேவைக்குச் சரியான தீனி கையில் இருந்து, வேறு வழியே இல்லையென்றால் மட்டும் தானாகக் கழிக்கலாம். இரண்டுக்கு ஒன்று ஈடு வரும்போது எந்த இரண்டு என்பது அடுத்த மூன்று முறைகளின் திட்டம். முட்டையும் அப்படித்தான். முட்டை கொள்ளும் வரம்பு நிரம்பிய பறவையிலிருந்து எடுத்தால் அடுத்து முட்டையிட இடம் கிடைக்கும், இலக்கில் எண்ணப்படும் கூட்டிலிருந்து எடுத்தால் புள்ளி போகும்.

2020-இல் வந்த ஓசியானியா விரிவாக்கம் இதை இன்னும் சிக்கலாக்கியது. 95 புதிய பறவைகளோடு தேன் என்ற ஆறாவது தீனியும் புதிய பாய்களும் புதிய பகடைகளும் வந்தன. தேன் எந்தத் தீனிக்கும் ஈடாகும். ஆனால் சுற்று முடிவில் செலவழிக்காத தேன் வீணாகும். செலவழித்த தேன் எந்த வாழிடத்தில் செலவானது என்பதும் கணக்கில் வரும்: ஆட்ட முடிவில் ஒவ்வொரு வாழிடத்திலும் அதிகம் செலவழித்தவருக்கு 5 புள்ளி, அடுத்தவருக்கு 2. ‘வீணாகப் போவதை முதலில் கழி’ என்று எழுதினாலும் தப்பு, ‘அரியதைக் கடைசியில் கழி’ என்று எழுதினாலும் தப்பு. விரிவாக்கம் சேர்ந்த ஆட்டத்தில் தானாகக் கழிப்பதை மொத்தமாக நிறுத்திவிட்டு, இழுத்து வைக்கச் சொல்வதே நல்லது. ஒரு சொடுக்கு கூடுகிறது, அவ்வளவுதான்.

75 பறவை, ஒரு திரை

ஐந்து பேர், ஆளுக்கு 15 இடம். முழுதாக நிரம்பினால் மேசையில் 75 பறவைகள், ஒவ்வொன்றின் மேலும் முட்டை, சேமித்த தீனி, புள்ளிக்காக அடியில் செருகிய சீட்டு. மேசையில் கழுத்தைத் திருப்பினால் போதும். கைப்பேசியில் ஒருவரின் 15 பறவைகளையே படிக்கும் அளவில் காட்ட முடியாது. மான்ஸ்டர் கவுச் எடுத்த வழி, ஒவ்வொரு வாழிடத்துக்கும் தனிக் காட்சியும், மூன்றையும் சேர்த்துக் காட்டும் மொத்தக் காட்சியும். நல்ல வழிதான், ஆனால் எதிராளியின் பாயைப் பார்க்கும் பழக்கத்தை அது மெல்லக் கொன்றுவிடுகிறது. பார்க்க ஒரு தட்டு கூடுதலாகத் தேவைப்பட்டால் பாதிப் பேர் பார்ப்பதில்லை. இளஞ்சிவப்புத் திறன் உள்ள பறவை எதிரில் இருப்பது தெரியாமல் முட்டையிட்டு, அவருக்கும் முட்டை கொடுத்துவிட்டு வியப்பார்கள். முட்டையிடப் போகும் நொடியில், ‘இதனால் இன்னாருக்கும் ஒரு முட்டை’ என்று சின்னக் குறி காட்டினால் இந்தக் குறை தீரும்.

பாயில் இறங்கிய பறவைக்கு எது தேவை, எது தேவையில்லை? திறன், கூட்டு வகை, முட்டை வரம்பு, புள்ளி கட்டாயம். தீனி விலை முடிந்த கதை என்று தோன்றும். ஆனால் போனஸ் சீட்டுகளில் சில இது போன்றவற்றையே கேட்கும்: விதை தின்னும் பறவைகள், சிறகு விரிவு 65 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை, பெயரில் நிறம் உள்ளவை. ஆக எதையும் அழிக்க முடியாது, மடித்து வைக்கத்தான் முடியும். கையில் இருக்கும் போனஸ் சீட்டுக்குப் பொருந்தும் பறவைகளில் ஒரு குறி போட்டுவிட்டால், 170 பெயர்களையும் மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை.

எதைக் கணக்கிட்டுத் தரக் கூடாது என்பதும் ஒரு கேள்வி. ஃபோட்டோசிந்தசிஸ் என்ற மரம் வளர்க்கும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹியால்மர் ஹாக் வடிவமைப்பு, 2017. 37 கட்டம், சூரியன் ஆறு பக்கமாகச் சுற்றிவரும். மரத்தின் உயரத்துக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று கட்டம் வரை நிழல் விழும். நிழலில் நிற்கும் மரம் நிழல் தருவதைவிட உயரமாக இருந்தால் மட்டும் ஒளி கிடைக்கும். இப்போதைய நிழலைக் கணக்கிடுவது வெறும் எழுத்தர் வேலை, இயந்திரம் செய்யட்டும். சூரியன் அடுத்த பக்கம் போனால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பதுதான் ஆட்டமே. ஒரு அடி முன்னோக்கிக் காட்டுவது பயிற்சி ஆட்டத்தில் சரி, போட்டியில் வேண்டாம். விங்ஸ்பேனில் இதற்கு நிகர் எதிராளியின் மொத்தப் புள்ளி. போனஸ் சீட்டு நீங்கலாக அது பாயில் திறந்தே கிடக்கிறது, ஆனால் மேசையில் யாரும் எண்ணுவதில்லை. எப்போதும் மேலே மின்னிக்கொண்டிருந்தால் ஆட்டத்தின் நிதானமே போய்விடும். தட்டினால் காட்டட்டும்.

தனியாக ஆடுபவருக்கு

பெட்டியில் 16 சீட்டுகளோடு ஆட்டோமா என்ற தனியாள் முறை உண்டு. எதிராளியை முழுதாக நடித்துக் காட்டினால் ஒரு மனிதர் இரண்டு பாய்களைக் கவனிக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையைத் தவிர்க்க, ஆட்டோமா பாயில் பறவைகளை அடுக்குவதில்லை. அது சேர்க்கும் சீட்டுகளில் கவிழ்த்து வைத்தவற்றுக்கு, கடினத்துக்கு ஏற்பச் சீட்டுக்கு 3, 4 அல்லது 5 புள்ளி எண்ணும். திரையில் அந்தச் சுமை இல்லை. கணினி எதிராளி விதிப்படி முழு ஆட்டத்தையும் ஆடலாம். இருந்தாலும் ஆட்டோமாவைத் தூக்கிப் போடக் கூடாது. அது நொடியில் முடிக்கும், குறுக்கே கேள்வி கேட்காது, ஒரே அளவுகோலாக நிற்கும். கணினி எதிராளியோ ஒருநாள் ஓரியோல் வைத்து உங்களுக்குப் பழம் கொடுக்கும், மறுநாள் கொடுக்காது. புதியவர் முழுக் கணினி எதிராளியோடு நாலைந்து ஆட்டம் ஆடி, முட்டைகளை மட்டும் குவித்தே ஜெயிக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகு, ஆட்டோமாவின் ஐந்து புள்ளி நிலைக்குப் போவது நல்லது. நிரம்பிய புல்வெளியில் முறைக்கு நான்கு முட்டை, கடைசிச் சுற்றில் ஐந்து முறை, ஆக இருபது புள்ளி. அது மட்டும் போதாது என்பது அங்கே சட்டென்று புரியும்.

நடாலியா ரோஹாஸ், ஆனா மரியா மார்ட்டினெஸ் ஹராமிலோ வரைந்த பறவைகள் திரையில் அசைகின்றன. இறக்கியதும் அதன் உண்மையான குரல் ஒலிக்கிறது, சீட்டின் அடியில் உள்ள செய்தியை ஒருவர் வாசிக்கிறார், பின்னணியில் பாவெல் கோர்னியாக்கின் இசை. மேசையில் அந்தச் செய்தியை யாரும் படிப்பதில்லை என்பதால் இது மெய்யான ஆதாயம். நிரல் பக்கத்தில் ஒன்றே கவனம்: வாசிப்பு முடியும்வரை அடுத்த கேள்வி காத்திருக்கக் கூடாது. ஒலி ஓடட்டும், ஆட்டம் முன்னே போகட்டும்.

வெளியிடும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டியவை

நான்கு பேர், கூட்டில் ஒற்றைப் பகடை, ஹம்மிங்பேர்ட் இயங்குகிறது: மறுஉருட்டல் உரிமை சரியான ஆளிடம் போகிறதா? ஒரே முறையில் இரண்டு வேட்டைப் பறவைகள் வென்றாலும் வல்ச்சருக்கு ஒரு பகடைதான், ஏனென்றால் இளஞ்சிவப்புத் திறன் தன் இரண்டு முறைகளுக்கிடையில் ஒருமுறை மட்டும். ‘இயங்கிவிட்டது’ என்ற குறி, வல்ச்சர் வைத்திருப்பவரின் முறை வந்ததும் அழிகிறதா? சுற்றின் கடைசி முறையில் தள்ளிவைத்த கௌபேர்ட் முட்டை, புள்ளி எண்ணும் முன் கேட்கப்படுகிறதா? நட்சத்திரக் குறியுள்ள கூடு எல்லா வகையாகவும் எண்ணப்படும். கௌபேர்டுக்கும் இலக்குக்கும் இரண்டிலுமே எண்ணப்படுகிறதா? அண்டங்காக்கை ‘மற்றொரு’ பறவையிலிருந்து ஒரு முட்டையைக் கழித்து இரண்டு தீனி தரும், தன் மேலுள்ள முட்டையைக் கழிக்க விடக் கூடாது. சீட்டுக் கட்டு தீர்ந்தால் கழித்த சீட்டுகள் மட்டும் கலைந்து திரும்ப வர வேண்டும், பறவைக்கு அடியில் செருகியவை வரக் கூடாது. ஐந்து பேரும் செருகும் பறவைகளை வைத்து ஆடினால் 170 சீட்டு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீரும்.

பெட்டியில் 75 முட்டைதான் இருக்கிறது. ஆனால் விதிப்படி முட்டைக்கும் தீனிக்கும் உச்சவரம்பு இல்லை, தீர்ந்தால் வேறு எதையாவது வைத்து ஆடலாம். ஐந்து பேர் ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் எழுபத்தாறாவது முட்டையை வைத்துப் பாருங்கள்.